மான் வேட்டைக்குப் போறப்போ மான் மாதிரியே குரல் கொடுக்கறது எப்படி? நிஜமாவே மான் வருமா?

வரும். நீங்க அமெரிக்காவுல எங்கயோ இருக்கீங்கன்னு நினைச்சுதான் எழுதறேன். இந்தியாவுல இருந்து கேக்கறீங்கன்னா இதோட நிறுத்திக்கோங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைக்கு முயற்சி பண்ணாலே குத்தம். நான் பெங்களூர் அல்சூர்காரன், வில்லையோ துப்பாக்கியையோ தொட்டதுகூட இல்ல, கூட உக்காந்து பாத்ததோட சரி, அதனால கமெண்ட்ல வந்து ஜீவகாருண்யம் பேசாதீங்க ப்ளீஸ்.

ஆன்சைட்ல விஸ்கான்சின்ல இருந்தப்போ ஆபீஸ்ல ஒரு பெரியவர் நவம்பர் ஆரம்பத்துல வில் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. வெள்ளைவால் மான் இணைசேர்ற சீசன் அது, கிடா பொட்டையத் தேடி பகல்லயே அலையும், குரல் நல்லா எடுபடறதும் அப்பதான். மான் மாதிரி குரல் குடுக்க வாயில வச்சு ஊதற ஒரு குழல் இருக்கு, யூடியூப் பாத்துட்டு வர்றவங்க அத ஊதிக்கிட்டே இருப்பாங்க, காட்டுல மான் அப்படி ஓயாம கத்தாது. அவரு பரண்ல உக்காந்து ரெண்டு மூணு தடவ 'ர்ர்ப்... ர்ர்ப்'னு ஏப்பம் விடற மாதிரி அடக்கமா ஊதினாரு, அப்புறம் அரை மணி நேரம் கப்சிப். ஊதின கையோட குழல ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வச்சுக்கிட்டாரு, ஏன்னா குழலுக்குள்ள அதிர்ற நாக்கு மாதிரி சின்னத் தகட்டுல எச்சில் பட்டு அந்தக் குளிர்ல உறைஞ்சுட்டா சத்தம் கீச்சுன்னு போயிடும். நான் பாத்த எந்த வீடியோவுலயும் இத சொல்லல.

கிடா வந்துச்சுங்க! நேரா வரல, எங்க வாடை காத்துல போற பக்கமா சுத்தி வந்து மூக்கத் தூக்கி மோந்துச்சு. இன்னொரு தடவ ஊதுவாருன்னு பாத்தா தலைய ஆட்டிட்டாரு, நம்ம பக்கம் வர்ற மானைக் கூப்பிடவே கூடாதாம், சத்தம் எந்த மரத்துல இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுடுமாம், திரும்பிப் போகுதுன்னாதான் ஊதணுமாம். கடைசியில அம்பு எட்டற தூரத்துக்கு வராமலே மூக்கால புஸ்ஸுன்னு சீறிட்டு ஓடிடுச்சு. அதுக்காக குரல் பலிக்கலன்னு சொல்லாதீங்க, குரலுக்குத்தான் வந்துச்சு, காட்டிக்கொடுத்தது காத்து. கவுத்தா பொட்ட மான் மாதிரி கத்தற டப்பாவும் விக்கறாங்க. கொம்பு ரெண்ட மோதவிட்டு சண்ட சத்தம் போடறதும் உண்டு, ஆனா அதுக்கு சின்னக் கிடாங்க மிரண்டு ஓடிடலாம்.

குழல் ஒண்ணு வாங்கிட்டு வந்து நம்ம வீட்டு பால்கனியில ஊதினேன், கீழ் வீட்டு சார் உடனே அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்ல 'அருவருப்பான சத்தம் வருது'ன்னு போட்டுட்டாரு. பக்கத்து சைட்ல நடுராத்திரி போர்வெல் போட்டாங்களே, அப்ப எங்க போச்சு இவரு காது? மாசாமாசம் மெயின்டனன்ஸ் மட்டும் கரெக்டா வாங்கறாங்க, லிஃப்ட் பாதி நாள் ஓடறதில்ல, கேட்டா 'மீட்டிங்ல பேசலாம் சார்'.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். ரெக்கார்ட் பண்ண குரல ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிடறது அங்க சில மாநிலங்கள்ல தடை, லைசென்ஸ் எடுக்கறப்பவே விதிமுறையப் படிச்சுடுங்க.