மெட்டீரியல் பாயின்ட் மெத்தட்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: சார், மண்சரிவை ஃபைனைட் எலிமென்ட்டில் (பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஓட்டினால் பாதியிலேயே மெஷ், அதாவது அந்தக் கூறுகளின் வலை, முறுக்கிக்கொண்டு நெகட்டிவ் ஜேக்கோபியன் (கூறு உள்வெளியாகப் புரண்டுவிட்டது) என்று நின்றுவிடுகிறது. மெட்டீரியல் பாயின்ட் மெத்தட் (எம்பிஎம்) என்ற துகள் முறைக்கு மாறினால் தீருமா?

பதில்: தீரும். ஃபைனைட் எலிமென்ட்டில் மெஷ் மண்ணோடு ஒட்டிக்கொண்டே போகிறது, அதனால்தான் முறுக்குகிறது. எம்பிஎம்மில் நிறை, வேகம், தகைவு, திரிபு எல்லாம் துகளிடம் இருக்கும். ஒவ்வொரு காலப்படியிலும் நிறையும் உந்தமும் பின்னணிக் கட்டத்தின் கணுக்களுக்கு, அதாவது கோடுகள் சந்திக்கும் புள்ளிகளுக்கு, போகும். இயக்கச் சமன்பாட்டை அங்கே தீர்த்து, முடுக்கத்தைத் துகளுக்குத் திருப்பித் தருவோம். அப்புறம் சிலேட்டைத் துடைப்பதுபோல் கட்டத்தைப் பழையபடி வைத்துவிடலாம். 1994-இல் டெபோரா சல்ஸ்கியும் சென், ஷ்ரேயர் இருவரும் இதைத் திடப்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். வேர், லாஸ் அலமோஸில் ஹார்லோ பாய்மங்களுக்காக உருவாக்கிய பிஐசி (பார்ட்டிகிள்-இன்-செல்) முறை.

கேள்வி: எஸ்பிஹெச் (ஸ்மூத்ட் பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்) என்ற இன்னொரு துகள் முறையும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அதில் துகள் அண்டைத் துகளைத் தேடும். இதில் கட்டம் வழியாகத்தான் பேசும்.

கேள்வி: அண்ணா, ஒரே சீரான தகைவில் மெதுவாக நகரும் பட்டைதான். ஆனாலும் எம்பிஎம்மில் விசை திடீர் திடீரென்று குதிக்கிறது. நிரலில் பிழையா?

பதில்: நிரலைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, நானும் இதில் பல நாள் தொலைத்திருக்கிறேன். ஒரு கணுவை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் இடப்பக்கக் கட்ட அறையில் 2 துகள், வலப்பக்க அறையில் 2. துகளையும் கணுவையும் இணைக்கும் நேரியல் வடிவச் சார்பின் சரிவு ஒரு பக்கம் நேர்குறி, மறுபக்கம் எதிர்குறி. எனவே உள்விசை அடிபட்டுப் பூச்சியமாகிறது. ஒரு துகள் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள கோட்டைத் தாண்டியதும் 1-க்கு 3. தகைவு மாறவே இல்லை, ஆனால் கணுவில் இல்லாத விசை முளைத்துவிட்டது. கட்டத்தைப் பொடியாக்கினால் தாண்டல்கள்தான் கூடும். பார்டன்ஹேகனும் கோபரும் 2004-இல் தந்த ஜிம்ப் முறையில் துகளுக்கு ஓர் அகலம் உண்டு. அதனால் அது கோட்டைச் சிறிது சிறிதாகக் கடக்கும். அதற்கு மாறுங்கள்.

கேள்வி: எஃகு, கட்டம் 1 மி.மீ. காலப்படி எவ்வளவு வைக்கலாம்?

பதில்: எஃகில் நெட்டலை நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் போகும். 1 மி.மீ.யைக் கடக்க 0.17 மைக்ரோநொடி; காலப்படி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வெளிப்படைத் தீர்வில் (அடுத்த படியை இப்போதைய நிலையிலிருந்தே நேராகக் கணக்கிடுவது) 0.1 மைக்ரோநொடியைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: பாலத்தின் உத்திரத் தொய்வுக்கும் இதையே போடலாமா சார்?

பதில்: வேண்டாம். மெஷ் முறுக்காத இடத்தில் பழைய ஃபைனைட் எலிமென்ட்தான் துல்லியம், செலவும் குறைவு.