வாசித்ததற்குப் பணம் வாங்கிவிட்டால் உரிமையும் போய்விடுமா?

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்துத்தான் பிழைக்கிறேன்; வேறு வருமானம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இசையமைப்பாளர் தன் தனிப்பாடல் ஒன்றுக்காக என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்து, ஒரு பிற்பகல் முழுவதும் வாசிக்கச் சொல்லி, பேசிய தொகையை அன்றே கைப்பேசி வழியாக அனுப்பிவிட்டார். எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்திடவில்லை. இப்போது அந்த வாசிப்பைத் துண்டு துண்டாக வெட்டி, லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் சிறு இசைத்துண்டு) தொகுப்பாக இணையத்தில் விற்கிறார். தன்னுடைய வேறு இரண்டு பாடல்களிலும் சேர்த்திருக்கிறார். கேட்டால், "அன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டதே" என்கிறார். இதற்கிடையில், நான் இருந்த மெல்லிசைக் குழுவின் தலைவர் ஒன்பது கச்சேரிகளுக்குச் சம்பளம் தரவில்லை. முதல் கச்சேரி நடந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. குழுவை விட்டு விலகினால் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தக் குழுவிலும் வாசிக்கக் கூடாது, மீறினால் பணம் கட்ட வேண்டும் என்று என்னிடம் எழுதி வாங்கியதைக் காட்டியும் மிரட்டுகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனம் அதிகம் புண்பட்டிருப்பது ஸ்டுடியோ விஷயத்தில் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, எனக்கும் அதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நாள் நெருக்குவது சம்பள பாக்கியில் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. வாய்மொழியாகப் பேசி முடித்ததும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தமே. இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்திருந்தால் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 70ஆம் பிரிவும் சொல்கிறது. பணம் தரும் நாள் இன்னது என்று பேசியிராத நிலையில், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். இந்தக் கெடு ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனியாக ஓடுகிறது. எனவே உங்கள் முதல் கச்சேரிக்கு இன்னும் 4 மாதங்களே மீதி இருக்கின்றன. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது நிற்காது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றம் வழியாகச் சமரசம் பேசுவது உங்களுக்குப் பொருத்தமான வழிதான். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை; இரு தரப்பும் ஒத்துக்கொண்டு தீர்வு எழுதப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் முறையீடும் கிடையாது. ஆனாலும் மனு நிலுவையில் இருக்கிறது என்ற நிம்மதியில் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். கெடு முடியும் முன்பே குழுத் தலைவர், "இன்ன தேதிகளில் வாசித்த ஒன்பது கச்சேரிகளுக்கு இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். கொடுக்காவிட்டால் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். பணம் தராதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது என்பதால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தேதியுள்ள விழா நோட்டீஸ், மேடையில் நீங்கள் வாசிக்கும் வீடியோ, "நாளை ஐந்து மணிக்கு வேன் வரும்" என்பது போன்ற குறுஞ்செய்தி, இவை உங்களுக்குப் போதுமான ஆதாரங்கள்.

இனி ஸ்டுடியோ. "கணக்கு முடிந்துவிட்டது" என்று அந்த இசையமைப்பாளர் சொல்வதில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அன்று நீங்கள் வாங்கியது உங்கள் உழைப்புக்கான கூலி. அந்த உழைப்பு ஒலிப்பதிவான பிறகு அதை எங்கே, எதற்கு, எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது வேறோர் உரிமை. முதலாவதைக் கொடுத்ததாலேயே இரண்டாவதும் அவர் கைக்குப் போய்விடுவதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கென்று ஓர் உரிமையைக் கொண்டுவந்தது. பாடகர், நடிகர், நடனக்காரர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் வரை அடங்கும் அந்த நிகழ்த்துநர் பட்டியலில் இசைக்கலைஞர் என்ற சொல்லும் இருக்கிறது. பாடகர் உயர்ந்தவர், வாத்தியக்காரர் தாழ்ந்தவர் என்ற பேதம் அங்கே இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வலுப்படுத்தி, 38அ பிரிவின் மூலம், தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதும், அந்தப் பதிவை எந்த வடிவிலும் மறுபடி உருவாக்குவதும், பிரதிகளை வெளியிடுவதும், விற்பதும், பொதுமக்களிடம் கொண்டுசெல்வதும் நிகழ்த்துநருக்கே உரிய தனி உரிமைகள் என்று ஆக்கியது. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும்.

நேரடி நிகழ்ச்சிக்குத்தானே இந்த உரிமை, மூடிய ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தது எப்படி நேரடி ஆகும் என்று எதிர்த் தரப்பு கேட்கக்கூடும். 2006இல் நேஹா பாசின் எதிர் ஆனந்த் ராஜ் ஆனந்த் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது: பார்வையாளர் முன் நடந்தாலும் ஸ்டுடியோவில் நடந்தாலும், எந்த நிகழ்ச்சியும் முதன்முதலில் நேரடியாகவே நடந்தாக வேண்டும், ஆகவே ஸ்டுடியோவில் பாடியதும் நேரடி நிகழ்ச்சியே. பாடுபவரின் குரலுக்குச் சொன்னது உங்கள் கைக்கும் பொருந்தும்.

இசையமைப்பாளர் தரப்பில் நியாயம் எது வரை என்பதையும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவைத் தன் முயற்சியிலும் பொறுப்பிலும் செய்தவர் அவர் என்றால், அந்தப் பதிவின் பதிப்புரிமை அவருடையது. அந்த ஒரு பாடலில் உங்கள் வாசிப்பு இடம்பெறுவதற்கு நீங்கள் சம்மதித்துத்தான் ஸ்டுடியோவுக்குப் போனீர்கள். அந்தப் பாடலை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் நீதிமன்றம் காது கொடுக்காது, நீங்களும் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சம்மதம் அந்தப் பாடலோடு நிற்கிறது. உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்தில், தருபவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும் என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. 39அ பிரிவின் வழியாக இந்த விதி நிகழ்த்துநருக்கும் பொருந்துகிறது. "நான் வேலைக்கு அமர்த்தினேன், ஆகவே எல்லாம் எனக்கே" என்று அவர் சொல்வாரானால், அந்த வாதத்துக்கு அடிப்படையான 17ஆம் பிரிவு, நிகழ்த்துநருக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. மேலும் ஒரு பிற்பகலுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் கலைஞர் எவருக்கும் மாதச் சம்பள ஊழியர் ஆகிவிட மாட்டார். ஆகவே லூப் தொகுப்பும், மற்ற இரண்டு பாடல்களும், உங்கள் அனுமதி இல்லாத பயன்பாடுகள் என்றே நான் கருதுகிறேன்.

இதே 38அ பிரிவில், வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்று ஒரு வாசகம் இருக்கிறது. நண்பர்கள் அதைக் காட்டி உங்களுக்கு ஆசை ஊட்டியிருக்கலாம். அந்த வாசகம் திரைப்படத்தைப் பற்றிய உட்பிரிவின் கீழ் நிற்பதால், தனிப்பாடலுக்கு அதையே முதல் ஆயுதமாக எடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. உங்கள் வழக்கு, மேலே சொன்ன தனி உரிமைகளின் மீதே நிற்கட்டும். "அந்தத் தாளத்தையே நான்தான் உருவாக்கினேன், ஆகவே நானும் இசையமைப்பாளர்" என்ற வாதத்தையும் நோட்டீஸின் முதல் பத்தியில் வைக்காதீர்கள். இரண்டாம் நான்காம் அடிகளில் ஸ்நேர் (அடியில் கம்பி கட்டிய டிரம்) விழும் சாதாரண நடை உலகத்துக்கே பொதுவானது. அதில் உங்களுக்கென்று தனித்த படைப்பு இருப்பதை நிரூபிப்பது, நீங்கள் வாசித்ததை நிரூபிப்பதைக் காட்டிலும் பல மடங்கு கடினம். 1969இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடி டிரம்ஸ், பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. பாட்டின் உரிமை பிரவுனிடம் இருந்ததால், 2017இல் இறந்த அந்தக் கலைஞருக்கு அதன் ராயல்டி பெரும்பாலும் எட்டவே இல்லை. இயற்றியவர் யார் என்ற கேள்வியில் சிக்கிக்கொள்ளும் டிரம்மர் தோற்கிறார். வாசித்தது யார் என்ற கேள்வியை நம் சட்டம் தனியாகக் கேட்க இடம் தந்திருக்கிறது, நீங்கள் அங்கேயே ஊன்றி நில்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்கு உண்டு. 38ஆ பிரிவு, நிகழ்த்தியவர் இன்னார் என்று தன் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமையையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி நிகழ்ச்சி சிதைக்கப்பட்டால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. நேரத்துக்குள் அடக்குவதற்காகச் சில பகுதிகளை நீக்குவது சிதைப்பு ஆகாது. ஆகவே வெட்டியதை மட்டும் குறையாகச் சொல்லாமல், பெயர் இல்லாமல் விற்றதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் நோட்டீஸ்: அந்தத் தொகுப்பை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும், இதுவரை விற்ற கணக்கைத் தர வேண்டும், மற்ற இரண்டு பாடல்களுக்கு உரிய தொகையும் பெயரும் தர வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகளோடு அது இருக்கட்டும். உங்கள் ஆதாரம் திடமாக இருக்கும் துண்டுகளுக்கு மட்டும் அந்த இணையதளத்துக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். இணங்கி வராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே தடையாணையும் இழப்பீடும் கோரி வழக்குத் தொடுக்க 62ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவருடைய ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. கோரும் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிக வழக்காகி, அவசரத் தடையாணை கோராத பட்சத்தில் முதலில் சமரச முயற்சி கட்டாயமாகும். இழப்பீட்டுக்கு இங்கும் 3 ஆண்டுக் கெடு உண்டு. அதுவரை சமூக ஊடகத்தில் அவரைத் திருடன் என்று எழுதாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு சொல், உங்கள் மீது அவதூறு வழக்குப் போட அவருக்கு வாசலைத் திறந்துவிடும்.

மூன்றாவது விஷயமான குழுத் தலைவரின் மிரட்டலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டிப்போட முயன்றபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கைத்திறனை நம்பி வாழும் உங்களுக்கும் அதே நியாயம்தான். தடை செல்லாதபோது, அதை மீறினால் கட்ட வேண்டிய அபராதமும் செல்லாது. ஆயினும் குழுவில் இருந்தபோதே ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கிய தேதி ஏதேனும் மிச்சம் இருந்தால், அதை வாசித்துக் கொடுத்துவிட்டு விலகுங்கள். கடைசி நேரத்தில் கைவிட்டால் அந்த நஷ்டத்தை அவர் கேட்க முடியும். குழுவின் செலவில் மின்னணு டிரம் பேடில் ஏற்றிய ஒலிகளை அங்கேயே விட்டுவிடுங்கள். நீங்களாக உருவாக்கியவை உங்களுடையவை.

அடுத்த முறை ஸ்டுடியோவுக்குள் போகும் முன், தமிழிலேயே அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எந்தப் பாடல், அந்தப் பாடலுக்கு மட்டுமா, பெயர் எங்கே வரும், வெட்டித் தனியாக விற்கலாமா, கணினிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக இந்தப் பதிவைப் பயன்படுத்தலாமா. காலம் எழுதப்படாத உரிமை மாற்று 5 ஆண்டுகளுக்கே செல்லும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே உங்களுக்குக் காவல் வைத்திருக்கிறது. ஆனால் "என்றென்றைக்கும், உலகெங்கும், எல்லா வடிவங்களிலும்" என்று அச்சிட்ட தாளில் நீங்களே கையெழுத்திட்டால் அந்தக் காவலைக் கழற்றிக் கொடுத்தவர் ஆகிறீர்கள். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதானால் ஒரு பிற்பகலுக்கான கூலியில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஆதாரம். அழைப்பு வந்த செய்திகள், பணம் வந்த விவரம், அன்று ஸ்டுடியோவில் எடுத்த படம் எல்லாம் இருக்கும் கைப்பேசியை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் தயாரிப்பார். விற்பனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஒரு தொகுப்பை உங்கள் பெயரிலேயே விலை கொடுத்து வாங்கி ரசீதோடு வையுங்கள். செட்டில் உள்ள சிறிய டாம் டிரம்மைத் தட்டும்போதெல்லாம் உங்கள் ஸ்நேரின் அடிக்கம்பி சன்னமாக அதிர்வதாகவும், அந்த அதிர்வு லூப்பிலும் அப்படியே கேட்பதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தது நீங்கள்தான் என்பதற்கு உங்களிடம் இருப்பவற்றில் அதுவே வலுவான ஆதாரம் ஆகலாம். ஒலி நிபுணர் ஒருவர் அந்தச் செட்டைப் பதிவு செய்து, லூப்போடு ஒப்பிட்டு எழுதிக் கொடுக்கும் வரை, அந்தக் கம்பியை மாற்றவோ இறுக்கவோ வேண்டாம். கச்சேரிக்கு வேறு ஸ்நேரை எடுத்துப் போங்கள்.