"வாயில என்ன?" என்று கேட்கிறார்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. மேலுதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்தாள், கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் முடிந்துவிட்டது, தழும்பு இருக்கிறது. பீலிக்கான் கோயிலுக்குப் போனபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு "வாயில என்ன?" என்று கேட்க, என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார், போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார். ஜூனில் பள்ளிக்கூடம். பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், யாங்கோன்

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தங்கச்சி. உதடு கூடுவது கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரத்துக்குள், அண்ணம் 9 வாரத்துக்குள். அப்போது சரியாகக் கூடாமல் போவதுதான் பிளவு. உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. இதை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும், பிள்ளை காதுபட அந்தப் பேச்சு இனி வேண்டாம். வாயை மூடச் சொல்வதும் அப்படித்தான், கோயிலில் அவள் ஒளிந்துகொண்டது இந்தப் பழக்கத்தால்கூட இருக்கலாம்.

அந்த வயதுப் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்பார்கள், பெரும்பாலும் அதில் வஞ்சம் கிடையாது. அதனால் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும்: "பிறக்கும்போது உதடு சேரல, டாக்டர் தைச்சிட்டாரு, வலிக்காது. வா, விளையாடலாம்." விஷயத்தைச் சொல்லு, பயமில்லை என்று காட்டு, பேச்சை மாற்று. முகத்தில் தழும்போ வேறுபாடோ உள்ளவர்களுக்காகப் பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பும் பெற்றோருக்கு இதே முறையைத்தான் சொல்லித் தருகிறது. பொம்மையை வைத்து விளையாட்டாகப் பழக்குங்கள், அதுவும் தமிழில் மட்டும் போதாது, பள்ளியில் கேள்வி பர்மிய மொழியில்தானே வரும்! காலையில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசும்போது கண்ணாடி முன் நிறுத்தி, கன்னம், மூக்கு, தழும்பு என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே பூசுங்கள். வெளியே யாராவது கேட்டு அவள் திணறினால், நீங்களே அந்தப் பிள்ளையின் முகம் பார்த்துச் சத்தமாக, சிரித்தபடி பதில் சொல்லுங்கள், அவளும் கேட்டுக் கற்றுக்கொள்வாள். பதில் சொல்லப் பிடிக்காத நாளில் சும்மா இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு.

பள்ளி திறக்குமுன் டீச்சரைப் பாருங்கள். கேள்வி கேட்பது வேறு, தினமும் கேலி செய்வது வேறு. கேலியைப் பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாட்டு, நடனம் எதிலும் அவளை "பாவம்" என்று ஒதுக்கக் கூடாது. அதே வகுப்பில் சேரப்போகும் ஒரு பிள்ளையை முன்கூட்டியே வீட்டுக்கு விளையாட அழைத்தால் முதல் நாளே துணை இருக்கும்.

அப்புறம், முக்கியமான ஒன்று. அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் காது மந்தமாவது சகஜம், கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கூச்சம் என்று நினைத்துவிடுவார்கள். ஜூனுக்குள் காது டாக்டரிடம் காட்டி, முடிவை டீச்சருக்கும் சொல்லிவிடுங்கள்.