எரிக் காம்பெல்: சாப்ளினின் வில்லன்

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு வந்த பேரனோடு உட்கார்ந்து சாப்ளினின் பழைய குறும்படங்களைப் பார்த்தேன். படத்துக்குப் படம் மலைபோல ஒருவர் புருவத்தை நெரித்துக்கொண்டு வருகிறார், முறைக்கிறார், கடைசியில் அடி வாங்குகிறார். யார் அவர்? நடிகர்தானா, இல்லை ஆகிருதிக்காகப் பிடித்துப் போட்ட ஆளா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

அவர் எரிக் காம்பெல். 1880-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சாப்ளினைப் போலவே ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் தேறியவர். உயரம் ஆறடிக்கு மேல். மியூச்சுவல் கம்பெனிக்காக 1916-17ல் சாப்ளின் எடுத்த 12 படங்களில் 11-ல் இருக்கிறார். மிச்சம் ஒன்றில் சாப்ளின் கிட்டத்தட்டத் தனி ஆளாகவே நடித்தார்.

ஆகிருதி மட்டும் போதாது என்பதற்கு 'தி இமிக்ரண்ட்' படமே சாட்சி. அதில் சர்வர் வேடத்தை முதலில் செய்தவர் ஹென்றி பெர்க்மன். அவரும் பெருத்த உடம்புக்காரர்தான். ஆனால் பார்த்தால் பயம் வரவில்லை. ('தி ரிங்க்' படத்தில் காம்பெலின் மனைவியாகப் பெண்வேடமிட்டு வருபவர் இவரே.) சாப்ளின் அவரை மாற்றிவிட்டு, காம்பெலை வைத்துத் திரும்ப எடுத்தார். பத்து சென்ட் குறைந்ததற்காக ஒருவரைச் சர்வர்கள் சேர்ந்து துவைத்து எடுக்கிறார்கள். அப்புறம் காம்பெல் சாப்ளினின் மேஜைக்கு வருகிறார். சாப்ளினிடம் இருந்த ஒரே காசு பை ஓட்டை வழியாக எப்போதோ விழுந்துவிட்டது. தரையில் கிடந்த ஒரு காசைப் பாடுபட்டு எடுத்து நீட்டினால், காம்பெல் அதைப் பல்லால் கடித்து வளைக்கிறார். கள்ளக்காசு! பிறகு வெறுமனே பார்க்கிறார். நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சிரிப்பு மூட்ட அவர் முயல்வதே இல்லை. அதுதான் அவர் நடிப்பு என்பேன். 'ஈஸி ஸ்ட்ரீட்'டில் தன் பலத்தைக் காட்டத் கேஸில் எரியும் தெருவிளக்கின் கம்பத்தை வளைக்கும்போதும் அதே மும்முரம். அதனால்தான் சாப்ளின் அந்த விளக்கையே அவர் தலையில் மாட்டி, கேஸைத் திறந்துவிடும்போது அப்படிச் சிரிக்கிறோம்.

1917 அவருக்குப் பொல்லாத வருடம். ஜூலையில் மனைவி இறந்தார். சில வாரங்களிலேயே அவசரமாக இன்னொரு கல்யாணம். அதுவும் விவாகரத்து வழக்கில் போய் நின்றது. டிசம்பர் 20-ம் தேதி கார் விபத்தில் போய்விட்டார். வயது 37. அஸ்தியைப் பல வருடங்கள் யாரும் வாங்கக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகும் சாப்ளின் படங்களில் பெரிய உடம்புக்காரர்கள் வந்தார்கள். 1925-ன் 'தி கோல்ட் ரஷ்'ஷில் மேக் ஸ்வெய்ன் பிரமாதம். ஆனால் பசி மயக்கத்தில் சாப்ளினைக் கோழி என்று நினைத்துத் துரத்தும்போதுகூட ஸ்வெய்ன்மேல் நமக்குப் பாசம்தான் வருகிறது. காம்பெலிடம் அது நடக்காது.