‘வாட்டர்ப்ரூஃப்’ டேங்க் பேக் நனைந்து கேமரா போச்சு: ஏழு நாள் தாண்டினால் கேட்கவே முடியாதா?

கேள்வி: நீண்ட பைக் பயணத்துக்காக ஆன்லைனில் காந்தம் வைத்த டேங்க் பேக் (பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டி வைக்கும் பை) வாங்கினேன். ‘100% வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தார்கள். வழியில் மழை, ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த கேமரா போய்விட்டது. டேங்க் பெயின்ட்டிலும் கீறல். விற்றவரோ, ‘ரிட்டர்ன் ஏழு நாள்தான், ரெயின் கவர் போடாதது உங்கள் தப்பு’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஏழு நாள் கதையை விடுங்கள். கலர் பிடிக்கவில்லை, சைஸ் சரியில்லை என்பவர்களுக்கு அது பொருந்தலாம். பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளே சொல்கின்றன. வழக்குப் போட உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ரெயின் கவர் பேச்சு அவர்கள் தலையில் அவர்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. முழுக்க வாட்டர்ப்ரூஃப் என்றால் தனியாகக் கவர் எதற்கு? ‘கவர் போட்டால் மட்டும்’ என்று விளம்பரத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பக்கம் பலம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவுப்படி, வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகவில்லை என்றால், தயாரித்தவர் ‘நான் கவனமாகத்தான் இருந்தேன்’ என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்காக இருந்தால் 86-ஆம் பிரிவில் விற்றவரையே பிடிக்கலாம்.

கேமராவுக்குப் புது விலை கேட்காதீர்கள், அது எடுபடாது. பழுது பார்க்கும் செலவையோ இன்றைய மதிப்பையோ கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் ‘தண்ணீர் புகுந்ததால் பழுது’ என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெயின்ட் கீறல் கொஞ்சம் சிக்கல். காந்தத்துக்கும் டேங்க்குக்கும் நடுவில் மண் துகள் மாட்டி, வண்டி அதிர அதிர அரைத்திருக்கும். ‘துடைக்காமல் வைத்தது தவறான பயன்பாடு’ என்பார்கள், 87-ஆம் பிரிவு அவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் பெட்டிக்குள் வந்த தாளில் துடைத்துவிட்டு வையுங்கள் என்ற எச்சரிக்கையே இல்லையென்றால் நீங்களும் வாதாடலாம். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் படம் எடுங்கள், காந்தம் உட்கார்ந்த இடத்தில் மட்டும் கீறல் இருப்பது தெரிய வேண்டும். என் கணிப்பில் இதைக் கூடுதல் கோரிக்கையாகச் சேருங்கள், வழக்கே இதில் நிற்க வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியது: அந்த விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் தேதியோடு முழுசாக ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்று தேவைப்படும், அதனால் எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள். பையைத் துவைக்காதீர்கள், ஜிப்பில் பசை தடவாதீர்கள். நுகர்வோர் ஆணையம் நினைத்தால் அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும்.

அப்புறம் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பில் நானே கை வைக்கிறேன்).

அடுத்த பயணத்துக்குப் புதுப் பை வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு காந்தத்தை எடுத்து டேங்க்கில் வைத்துப் பாருங்கள். அலுமினியம் டேங்க்கிலோ மேலே பிளாஸ்டிக் மூடியிருந்தாலோ ஒட்டாது, அப்போது வார் வைத்ததோ பெட்ரோல் மூடியில் வளையம் பொருத்தும் வகையோ பாருங்கள். வளையத்தை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் பில் போட்டே மாட்டுங்கள், நாளைக்கு வாரண்டிப் பேச்சு வந்தால் அந்தப் பில்தான் பேசும். பை வந்ததும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹார்ன் பட்டனை அமுக்குகிறதா என்று ரிட்டர்ன் காலத்துக்குள் பார்த்துவிடுங்கள். வாங்கும் முன் வண்டி மாடலைச் சொல்லி, ‘கவர் இல்லாமல் மழை தாங்குமா?’ என்று சாட்டில் கேட்டு, பதிலை அழிக்காமல் வையுங்கள்.