"வாங்க, பார்த்துக்கலாம்" என்கிறார் மேனேஜர்: பிரசவ விடுப்புக்குப் பின் வேலை நேரத்தை எப்படிப் பேசுவது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த மாதம் திரும்ப வேண்டும். குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். ஆபீஸ் நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம் பார்த்திருக்கிறோம். காலை 8 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். மேனேஜரிடம் போனில் சொன்னபோது, "முதல்ல வாங்க, பார்த்துக்கலாம்" என்றார். பேசாமல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பகுதிநேரமாகக் கேட்டுவிடலாமா? அப்படிக் கேட்டால் பதவி உயர்வு போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சம்பளக் குறைப்பு என்ற பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்குக் குறைய வேண்டியது வேலை நேரமே இல்லை, அது கொஞ்சம் இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், கணக்காகவே பார்ப்போம்.

காலை 8 மணிக்குக் குழந்தையை விட்டால் 9 மணிக்கு ஆபீஸில் இருப்பீர்கள். மாலை 4.45க்குக் கிளம்பினால் 5.45க்குக் காப்பகம். நடுவில் அரை மணி சாப்பாடு போக, 7 மணி 15 நிமிட வேலை. இப்போது ஒரு மணி நேர இடைவேளை போக 8 மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு விழும் துண்டு 45 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று வைத்தால் மொத்தத் துண்டு 2 மணி 15 நிமிடம். வீட்டிலிருந்து பார்க்கும் நாட்களில் பயணம் இல்லை. 8.15க்கு உட்கார்ந்து 5.45க்கு எழுந்தால், அரை மணி சாப்பாடு போக 9 மணி நேரம். இரண்டு நாளில் 2 மணி நேரம் ஈடாகிவிட்டது. மிச்சம் வாரத்துக்குக் கால் மணி. அதற்காக உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கவா போகிறீர்கள்?

பகுதிநேரம் கேட்டு வாங்கியவர்கள் பலருக்கு நடப்பது இதுதான்: நேரமும் சம்பளமும் குறையும், வேலை மட்டும் அப்படியே இருக்கும். மிச்சத்தை ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு முடிப்பார்கள். சம்பளத்தைப் பொறுத்து ஓடும் மற்ற வரவுகளும், ஓய்வூதியச் சேமிப்பு, போனஸ், அடுத்த ஊதிய உயர்வு எல்லாம், கூடவே சுருங்கும். உண்மையிலேயே உடம்பும் வீடும் தாங்காது, நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கேளுங்கள். ஆனால் எந்தெந்த வேலை உங்கள் கையை விட்டு யார் கைக்குப் போகிறது என்ற பட்டியல் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவர் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தால் உங்கள் கோரிக்கை பாதியாகிவிடும். அவருடைய ஆபீஸில் அவர் கேட்க வேண்டியதையும் நீங்களே உங்கள் ஆபீஸில் சேர்த்துக் கேட்கிறீர்களோ என்று ஒருமுறை யோசியுங்கள்.

சரி, மேனேஜருக்கு வருவோம். "பார்த்துக்கலாம்" என்பதை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது ஒப்புதல் ஆகாது. நாளைக்கு அவர் மாறினாலோ அவருக்கு மேலே இருப்பவர் கேட்டாலோ, உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் திரும்பும் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஒரு மெயில் அனுப்புங்கள். முதல் நாள் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதற்குள் வேலையைப் பிரித்துவைத்திருப்பார்கள். பிரித்ததை மாற்றச் சொல்வது இரட்டை வேலை.

மெயிலில் குழந்தையைப் பற்றி ஒரு வரி போதும். காப்பகம், பால், தூக்கம், மாமியார் உடல்நிலை என்று நீட்டினால் படிப்பவர் இரக்கப்படுவார், முடிவெடுக்க மாட்டார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, வேலை நிற்குமா என்பதைத்தான். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குத் திரும்புகிறேன். குழந்தைக் காப்பக நேரத்தை ஒட்டி, திங்கள், செவ்வாய், வியாழன் ஆபீஸில் 9 முதல் 4.45 வரையும், புதன், வெள்ளி வீட்டிலிருந்து 8.15 முதல் 5.45 வரையும் பணிபுரியக் கோருகிறேன். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் மாலை 6.30 வரை ஆபீஸில் இருப்பேன். அதற்கு வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன். 4.45க்குப் பிறகு வரும் அவசரப் பணப் பட்டுவாடா ஒப்புதல்களைக் காப்பகத்திலிருந்து வந்ததும் 6.30க்குள் பார்த்துவிடுவேன். மூன்று மாதம் இப்படி நடத்திப் பார்த்து, பிறகு சேர்ந்து பரிசீலிக்கலாம்."

மாதக் கணக்கு பற்றிய அந்த வரிதான் இதில் உயிர். கணக்குப் பிரிவில் மாதக் கடைசிதான் கழுத்தைப் பிடிக்கும் நேரம் என்று மேனேஜருக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் பதில் வைத்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் கூட்டிவருவது கணவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். சோதனைக் காலம் மூன்று மாதத்துக்குக் குறைய வேண்டாம். காப்பகத்தில் சேர்ந்த புதிதில் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். முதல் மாதத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் எந்த ஏற்பாடும் தோற்றுவிடும். அப்புறம், "சிரமத்துக்கு மன்னிக்கவும்" வேண்டாம்.

நேரில் பேசும்போது பெரும்பாலும் வரும் பதில், "உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க." இதற்குச் சட்டம் பேசாதீர்கள். "மூன்று மாதம் பாருங்கள். வேலை தேங்கினால் நானே பழைய நேரத்துக்கு வருகிறேன்" என்று சொன்னால், அவர் எடுக்க வேண்டிய முடிவு சின்னதாகிவிடும். முழுவதும் முடியாது என்றால் எந்தப் பகுதி முடியும் என்று கேளுங்கள். வீட்டு நாள் இரண்டுக்குப் பதில் ஒன்று கிடைத்தாலும், 4.45 மட்டும் கை நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அசைக்க முடியாதது அது ஒன்றுதான். பேசி முடித்த அன்றே, "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போடுங்கள், எச்.ஆருக்கும் ஒரு பிரதியோடு.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சட்டம் அதைப் பொறுத்து மாறும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேர மாற்றம் கோரும் உரிமை உண்டு. 12 மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல், எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டுதலும் இரண்டு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்கிறது. இவை எல்லாமே கேட்பதற்கான உரிமைதான், கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்போடு இன்னொன்றையும் கொண்டுவந்தது: வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். கட்டாயம் இல்லை என்றாலும் பேச்சைத் தொடங்க நல்ல பிடி. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உங்கள் உரிமை. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். உங்கள் நிறுவனம் அந்த அளவு என்றால் முதலில் அதை விசாரியுங்கள், இவ்வளவு பாடுபடுவதில் பாதி தேவைப்படாமல் போகலாம். தாய்ப்பாலை எடுத்துவைக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஃபிரிட்ஜில் ஓர் இடமும் வேண்டும் என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். கழிவறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதவி உயர்வு விஷயத்தில் பொய் சொல்லி ஆறுதல்படுத்த மனமில்லை. சீக்கிரம் கிளம்புகிறவரைப் பற்றி ஆபீஸில் ஓர் எண்ணம் உருவாகத்தான் செய்யும். 9 மணிக்கு நீங்கள் வந்ததைப் பார்க்க ஆள் இருக்காது, 4.45க்குப் பையை எடுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். இந்த ஆண்டுக்கான இலக்குகளைத் திரும்பிய முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் முடித்த வேலையைக் காட்டலாம். விடுப்பில் இருந்த மாதங்களுக்கும் சேர்த்து இலக்கு வைத்திருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். நாள்காட்டியில் 4.45க்கு மேல் நேரத்தை அடைத்துவையுங்கள், ஐந்து மணி மீட்டிங்கை யாரும் தெரியாமல் வைத்துவிட முடியாதபடி.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். ராஜினாமா என்ற சொல்லை மட்டும், கையில் வேறு வேலை இல்லாமல், பேரத்துக்காக எடுக்க வேண்டாம். அவர் "சரி" என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஆட உங்களிடம் சீட்டு இல்லை.

திரும்பும் நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் புதன் அல்லது வியாழன் வையுங்கள், முதல் வாரம் குட்டியாக முடிந்துவிடும். காப்பகத்தில் அதற்கு இரண்டு வாரம் முன்பே, முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று விட்டுப் பழக்கிவிடுங்கள்.