பழகட்டும், ஆனால் நேரில் வேண்டாம்

கேள்வி: என் அக்கா மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டியாகக் கட்டிக்கொள்ளும் பிறவி நோய்). தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஏங்குகிறான். இதே நோயுள்ள பிள்ளைகளோடு பழக விடலாமா?

பதில்: தாராளமாகப் பழகட்டும், ஆனால் நேரில் வேண்டாம். இவர்களின் நுரையீரலில் கட்டிக்கிடக்கும் கெட்டிச் சளியில் சூடோமோனாஸ், பர்கோல்டேரியா போன்ற கிருமிகள் குடியேறிவிடும். மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத அவை, இதே நோயுள்ள இன்னொரு பிள்ளைக்குத் தொற்றினால் ஆபத்து. அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே நடந்த கோடை முகாம்களைக்கூட இந்தப் பயத்தால்தான் கைவிட்டார்கள். இந்த நோயுள்ளவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் 2 மீட்டராவது தள்ளி இருக்க டாக்டர்கள் சொல்கிறார்கள். தன்னை முழுசாகப் புரிந்துகொள்ளும் ஆளின் தோளில் கைபோட முடியாதது பெரிய கொடுமைதான்.

அதனால் வீடியோ கால்தான் வழி. அவன் டாக்டரிடமே கேளுங்கள், விருப்பமுள்ள குடும்பத்தோடு பேச ஏற்பாடு செய்வார். நெபுலைசர் வைக்கிற நேரத்தில் அந்தப் பக்கமும் ஒரு பையன் மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே பாதி ஏக்கம் போய்விடும்.

அப்புறம், பள்ளி நண்பர்களோடு தாராளமாக விளையாடட்டும். இது மரபணு நோய், ஒட்டாது. சாப்பாட்டோடு செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை போடுவது ஏன், வெயிலில் உப்பு கூடுதலாக ஏன் என்று அவனே அவர்களுக்குச் சொல்லட்டும்.